மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில்

ஜனவரி 29

அன்புள்ள டேடே அக்காவுக்கு,

நான் நலம். பள்ளிக்கூடத்தில் தரும் ‘கெங்கே’ என்கிற சோளமாவு உருண்டைதான் நலமில்லை. நேற்று அதைத் தட்டில் வைத்ததும் கல் விழுந்த சத்தம் கேட்டது. அம்மா, அப்பா, சின்னம்மா, உன் ஆய்வுக்கூடத்து எலிகள் எல்லோரும் சுகமா?

கைபேசி வைத்திருந்தால் விடுதியை விட்டே துரத்துவார்கள் என்பதால் பதினாறு வயதில் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் பக்கத்துக் கட்டில் டுஃபியின் மாமா அக்ராவுக்கு வேன் ஓட்டுகிறார். தபால்காரரைவிட வேகம். என்ன, கடிதத்தில் கொஞ்சம் கருவாட்டு வாசம் வரும்.

விடுமுறை முடிந்து நான் இங்கே வந்த மூன்றாம் நாள் அம்மாவுக்குப் பெண் பிறந்ததாக விடுதிக் காப்பாளர் சொன்னார். அதற்குப் பிறகு சேதி இல்லை. எட்டாம் நாள் அவளை வெளியே எடுத்துப் பெயர் வைக்கும் வெளியெடுப்பு நடந்திருக்குமே. விடியற்காலையில் கூரைமேல் தண்ணீர் வீசியது யார்? ஓரத்திலிருந்து அவள்மேல் மழைபோல் சொட்டியபோது அழுதாளா, சிரித்தாளா? என்னுடைய வெளியெடுப்பில் நான் நோர்லே அத்தையின் புதுத்துணியை நனைத்ததாக அத்தை இன்றுவரை வழக்குப் பேசுகிறார்.

பெயரில் மட்டும் ரகசியம் கிடையாது. நம் ‘கா’ இனத்து மக்களுக்குப் பெயர் என்பது வருகைப் பதிவேட்டு எண்தானே. அப்பாவின் முதல் பெண் நீ, டேடே. இரண்டாவது கொர்க்கோர். மூன்றாவது காயி, பேரழகி. நான்காவது என்றால் சோட்சோ. ஐந்தாவது வந்தால் ஃபோஃபோ. அம்மா, சின்னம்மா, எந்த மனைவிக்குப் பிறந்தாலும் வரிசை அப்பாவுடையது. ஆகவே சோட்சோவுக்கு என் முத்தம். இத்தனை வருஷம் நான் கடைக்குட்டி. இனி கடைக்கு ஓட ஒரு குட்டி கிடைத்துவிட்டாள்.

உன் தங்கை,
காயி

பிப்ரவரி 7

அன்புள்ள காயிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா தேறி வருகிறார். அப்பா கடலுக்குப் போகிறார். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

வெளியெடுப்பு இன்னும் நடக்கவில்லை. முதல் வாரம் மஞ்சள்காமாலை என்று குழந்தை மருத்துவமனையில் இருந்தாள். பிறகு மருத்துவர் அப்பாவையும் என்னையும் உட்காரவைத்துச் சொன்னார். டவுன் சிண்ட்ரோம். இருபத்தொன்றாவது குரோமோசோம் எல்லோருக்கும் இரண்டு, இவளுக்கு மூன்று. கண்களின் ஓரம் சற்று மேலேறி இருக்கிறது. உடம்பு ஈரத்துணி மாதிரி தளர்ந்திருக்கிறது. நடப்பாள், பேசுவாள், எல்லாம் தாமதமாக.

வீட்டுக்கு வந்ததும் நோர்லே அத்தை குழந்தையைத் தூக்கிப் பார்த்தார். தலை பின்னால் சாய்ந்தது.

“அண்ணே, அவசரப்படாத. கழுத்து நிக்கட்டும். இப்படியே ஊருக்குக் காட்டுனா ஆளுக்கொரு பேச்சு பேசுவாங்க.”

“எப்ப நிக்கும்?”

“நிக்கிறப்ப நிக்கும். நிக்கலைன்னா பேர் வெச்சு என்ன செய்யப் போற?”

அப்பா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்குப் போய்விட்டார். அவர் வாய் திறக்காமல் இந்த வீட்டில் எந்தப் பெயரும் விழாது. அதனால் இப்போதைக்குப் பாப்பா என்று கூப்பிடுகிறோம்.

அவள் பாதத்தைப் பேனாவால் சுற்றி வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார். இவர்களுக்கு அப்படித்தான் இருக்குமாம்.

அன்புடன்,
டேடே

பிப்ரவரி 14

அன்புள்ள அக்கா,

நலம். உங்கள் நலத்தை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுது. எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பாதே. முக்கியமாகப் பாப்பாவின் நலம்.

எட்டு நாள் குழந்தைக்கு எந்த ஊரில் கழுத்து நின்றது? நான் மட்டும் எட்டாம் நாள் அணிவகுப்பில் நின்றேனா? நம் குடும்பத்தில் தலைக்கனம் பிடித்தவர்கள் ஒரு டஜன் பேர். தலை சாய்கிறவள் இவள் ஒருத்தி. அவளைப் போய் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அந்த வீட்டில் நிற்க வேண்டியது பாப்பாவின் கழுத்து இல்லை, அத்தையின் வாய்.

குரோமோசோம் பற்றிப் படித்தேன். நம் வீட்டில் கேட்காமலே ஒன்று கூடுதலாகக் கிடைத்தது இவளுக்குத்தான். எனக்கு இரண்டாவது மீன் துண்டுகூட யாரும் தந்ததில்லை.

பாதம் பத்திரமாக உயிரியல் புத்தகத்துக்குள் இருக்கிறது. அந்த இடைவெளி செருப்பு வாருக்கென்றே அளவெடுத்தது. டுஃபி பார்த்துவிட்டு, “இது காலா? மாங்கொட்டைடி” என்றாள். அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளையாட்டில்லாமல் ஒன்று. எலி மூளையை அரைத்து அளப்பதுதானே உன் வேலை. ஒன்று கூடுதலாக இருந்தால் கழுத்துக்கு ஏன் பலம் குறைகிறது? அவள் தலைக்குள் என்னதான் நடக்கிறது? எனக்குப் புரியும்படி எழுது. மறுத்தால் உன் எலிகளுக்கே நேரடியாகக் கடிதம் போடுவேன்.

காயி

பிப்ரவரி 27

அன்புள்ள காயிக்கு,

அம்மாவுக்கு முதுகுவலி. அப்பாவுக்கு இருமல், குறைந்துவிட்டது. சின்னம்மாவுக்குக் காலையில் குமட்டல். அவர் முழுகாமல் இருக்கிறார். இப்போது திருப்தியா?

நீ கேட்டதற்கு வருகிறேன். மூளையில் ஒரு நரம்புச் செல் அடுத்ததைத் தொடாது. நடுவே மயிரிழைக்கும் குறைவான இடைவெளி. அதைக் கடந்து சேதி கொண்டுபோகச் சில வேதிப்பொருள்கள் உண்டு; செரடோனின், டோபமைன் என்று பல. நமக்கு அவை தபால்காரர்கள். ஆனால் பிறப்பதற்கு முன்னால் அவையே கொத்தனார்களும்கூட. எந்தச் செல் எங்கே போக வேண்டும், எத்தனை கிளை விட வேண்டும் என்பதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள, பிறவாத சிசுக்களின் மூளையை அளந்தவர்கள், இவற்றில் சில குறைவாக இருந்தன என்று எழுதியிருக்கிறார்கள். கொத்தனார் குறைந்த வீடு என்று வைத்துக்கொள். வீடு எழும், கதவுகள் மெதுவாகத் திறக்கும். அவளுடைய தளர்ச்சிக்கு எது எவ்வளவு காரணம் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. எனக்கும் தெரியாது.

இந்தக் குறைவைக் காட்டும் வரைபடத்தை இரண்டு வருஷம் முன்பே ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறேன். கோடு கீழே இறங்குகிறது என்று குறித்துக்கொண்டு சாப்பிடப் போனேன்.

இன்னொன்று. அவள் இதயத்தில் ஓட்டை இருக்கிறது. எடை ஏறினால் அறுவைச் சிகிச்சை பற்றிப் பேசலாம் என்கிறார்கள். பால் குடிப்பதற்குள் வியர்த்துப்போகிறாள். நான்கு வாய் குடித்ததும் களைத்து நிறுத்திவிட்டு, என் முகத்தையே பார்க்கிறாள்.

ஞாயிறுதோறும் அத்தை வந்து கழுத்தைச் சோதிக்கிறார், பப்பாளி பழுத்ததா என்று பார்ப்பதுபோல.

டேடே

மார்ச் 14

அன்புள்ள அக்கா,

நான் நலம், மிக நலம், நலத்தில் முதல் பரிசு. நீங்களும் சீக்கிரம் அப்படி ஆகப் போகிறீர்கள். ஏன் என்று கேள்.

சென்ற வாரம் டுஃபியின் பெட்டியில் கறுப்பாக, தட்டையாக எதையோ பார்த்தேன்.

“இது என்னடி, சட்டைப் பொத்தானா?”

“கஜ்யா விதை. எங்கம்மா காட்டுல பொறுக்குறது. வியாபாரி மூட்டை மூட்டையா வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புவான். அங்க மாத்திரை பண்றாங்களாம்.”

“எதுக்கு?”

“தூக்கம் வர. உனக்கு வேணாம், நீ கணக்கு வகுப்புலயே தூங்குற.”

உயிரியல் ஆசிரியரிடம் கேட்டேன். அந்த விதையில் இருக்கும் பொருள் உடம்புக்குள் போய்ச் செரடோனினாக மாறுமாம். அக்கா, உன் கொத்தனார் எங்கள் காட்டுக் கொடியில் தொங்கிக்கொண்டிருக்கிறான். நம் நாட்டு விதை, நம் வீட்டுப் பாப்பா, மாத்திரை மட்டும் வெளிநாட்டுக்காரனுக்கா?

ஆசிரியர் ஒரு பழைய ஆய்வுக் கட்டுரையை அச்சிட்டுத் தந்தார். நான்கு பக்கக் கட்டுரை. இரண்டு பக்கத்தோடு பள்ளியின் காகிதம் தீர்ந்துவிட்டது. மீதியைக் காகிதம் வந்ததும் தருகிறாராம். எனக்கு இரண்டே போதும். பல வருஷங்களுக்கு முன்பு பாப்பாவைப் போன்ற குழந்தைகளுக்கு மருத்துவர்கள் இந்தப் பொருளைக் கொடுத்திருக்கிறார்கள். சில வாரங்களில் தளர்ந்த உடம்பு இறுகியது என்று தெளிவாகப் போட்டிருக்கிறது.

நேற்று மாலை சமையற்கட்டு உரலைக் கடன் வாங்கி இடித்தேன், சலித்தேன். பால்மா டப்பாவில் போட்டு நான்கு சுற்று நாடா ஒட்டியிருக்கிறேன். காலையில் கால் தேக்கரண்டி, பாலில் கரைத்து. ஈஸ்டருக்குள் கழுத்து நின்றுவிடும். அத்தை சாக்குச் சொல்ல வேறு உறுப்பைத் தேட வேண்டியிருக்கும். அப்பா கூரைக்குத் தண்ணீர் வீசும்போது எனக்காக ஒரு கை அதிகம் வீசச் சொல்.

வருங்கால மருத்துவர்,
காயி

ஏப்ரல் 9

அன்புள்ள காயிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். அம்மா ஒரு மாறுதலுக்காகத் தேமாவில் கொர்க்கோர் வீட்டில் இருக்கிறார். அப்பா சுகம். மீன் குறைவு.

நம் பூனை நான்கு குட்டி போட்டது. ஒன்று வெள்ளை, மற்றவை சாம்பல். வெள்ளைக் குட்டி அப்பாவின் வலைக்கூடையில்தான் தூங்குவேன் என்று அடம்பிடிக்கிறது. அப்பா விரட்டுவதில்லை. தெருமுனையில் புது ரொட்டிக் கடை வந்திருக்கிறது.

டப்பா வந்து சேர்ந்தது. இனி எதுவும் அனுப்பாதே. பாப்பாவுக்கு இப்போது எந்தத் தொந்தரவும் இல்லை.

தேர்வு நெருங்குகிறது. கவனமாகப் படி.

டேடே

ஏப்ரல் 15

அன்புள்ள அக்கா,

நான் நலம். பூனையும் நலம் என்று அறிந்தேன். மொத்தம் ஒரு பக்கம். அதில் பூனைக்கு நான்கு வரி, ரொட்டிக் கடைக்கு ஒன்று, பாப்பாவுக்கு ஒன்று. நம் ஊர் டெஷி முழுக்கச் செரடோனின் தட்டுப்பாடா? சேதி ஏன் இந்தப் பக்கம் வந்து சேர்வதில்லை?

அம்மா தேமாவில் என்றால் பாப்பாவும் அங்கேதானே? அப்படியானால் காலைப் பொடியைக் கொடுப்பது யார்? கொர்க்கோருக்கு அளவு தெரியாது. தேநீருக்கே ஆறு கரண்டிச் சர்க்கரை போடுகிறவள்.

உனக்கு எழுத நேரமில்லை என்றால் ஒரு வழி சொல்கிறேன். வெறும் காகிதம் அனுப்பு. கழுத்து நின்றிருந்தால் ஒரு கோடு போடு. நிற்கவில்லை என்றால் இரண்டு கோடு. ஒரு கோடு போட எவ்வளவு நேரம் ஆகும், அக்கா?

காயி

ஏப்ரல் 28

அக்கா,

எல்லோரும் சுகமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

காகிதக் கட்டு வந்துவிட்டது. ஆசிரியர் மீதி இரண்டு பக்கத்தைத் தந்தார். மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது: அந்தக் குழந்தைகளில் சிலருக்கு வலிப்பு வந்தது. நான்காம் பக்கத்தில் இருக்கிறது: மருந்து கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் பிறகு சரியாக ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். வளர்ச்சியில் ஒரு பலனும் இல்லை. நிறுத்திவிட்டார்கள்.

நான் கால் தேக்கரண்டி என்று எழுதியது எந்தக் கணக்கும் இல்லாமல். கால் என்பது சின்ன அளவாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

நீ ‘இனி அனுப்பாதே’ என்று எழுதினாய். ஏன் என்று எழுதவில்லை. அவளுக்கு வலிப்பு வந்ததா? அதனால்தான் அம்மா வீட்டில் இல்லையா? மருத்துவமனையில் இருக்கிறாளா? டுஃபி மூன்று நாளாக என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், விதை அவளுடையது என்பதால் அவளும் சாப்பிடவில்லை. கோடெல்லாம் வேண்டாம். நான் என்ன செய்துவிட்டேன் என்று மட்டும் சொல்.

காயி

மே 1

காயி,

டப்பாவைத் திறக்கவே இல்லை. இதை முதலில் படி. இரண்டு முறை படி. நீ சுற்றிய நான்கு சுற்று நாடா அப்படியே இருக்கிறது. நீ நம்ப வேண்டும் என்பதற்காக டப்பாவையே டுஃபியின் மாமாவிடம் இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்புகிறேன்.

அது இங்கே வந்தது மார்ச் பதினைந்து, வெள்ளிக்கிழமை. பாப்பா அதற்கு முந்தைய செவ்வாயே போய்விட்டாள். நீ உரலை எடுப்பதற்கும் முன்னால்.

நெஞ்சில் சளி கட்டியது. அந்த இதயத்தால் தாங்க முடியவில்லை. படகுகள் கடலுக்குப் போகாத நாள் என்பதால் அப்பா வீட்டில் இருந்தார். அம்மா கத்த வாய் திறந்தபோது நோர்லே அத்தை தன் கையால் அந்த வாயைப் பொத்தினார். “வெளிய எடுக்காத குழந்தைக்கு ஒப்பாரி கிடையாது. வந்த விருந்தாளி திரும்பிப் போயிட்டா, அவ்வளவுதான். அழுது, மறுபடி வர வழிகாட்டாத.” யாரும் கூடவில்லை. பெயர் கேட்க யாரும் வரவில்லை. அப்பா அவளைத் துணியில் சுற்றித் தனியாக எடுத்துப்போனார். திரும்பி வந்து கை கழுவினார். கிழியாத வலையை எடுத்து வைத்துக்கொண்டு தைக்க உட்கார்ந்தார்.

தேர்வு முடியும்வரை உனக்குச் சொல்ல வேண்டாம் என்றார். நான் சரி என்றேன். தொந்தரவு இல்லை என்று எழுதிவிட்டு, பொய் எழுதவில்லை என்று என்னையே தேற்றிக்கொண்டேன். ஆய்வுக்கூடத்தில் ஒரு துளி கூடினால்கூடத் திரும்ப அளப்பேன். உனக்கு எழுதும்போது அளக்கவில்லை. நான் மறைத்தது உன்னை இவ்வளவு பெரிய பயத்தில் கொண்டுபோய் விடும் என்று நினைக்கவில்லை.

நீ ஒன்றும் செய்யவில்லை. டுஃபியிடமும் சொல். சாப்பிடுங்கள்.

டப்பா ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் திறந்திருப்பேனா என்று மட்டும் என்னிடம் கேட்காதே.

அக்கா

மே 9

அன்புள்ள அக்கா,

நலமா என்று தெரியவில்லை. சாப்பிடுகிறேன். நீயும் சாப்பிடு. அம்மாவைத் தேமாவிலிருந்து கூட்டி வா. அங்கே அழ ஒரு தனி அறைகூட இருக்காது.

டப்பா வந்தது. நாடாவை விரலால் தடவிப் பார்த்தேன், நான்கு சுற்றும் இருந்தன. பிரிக்காமலே கழிப்பறைக் குழியில் போட்டேன். நீ கேட்காதே என்றதை நான் கேட்கவில்லை.

இன்று விடியற்காலை எழுப்பு மணிக்கு முன்னால் நானும் டுஃபியும் இரண்டு வாளித் தண்ணீரோடு விடுதியின் பின்பக்கம் போனோம். பாதம் வரைந்த காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கூரை ஓரத்துக்குக் கீழே தரையில் வைத்தேன். டுஃபி தண்ணீரை வீசினாள். தகரக்கூரை என்பதால் பெரும் சத்தம். மூன்று முறை வீசினாள், மூன்று முறையும் காகிதத்தின்மேல் சொட்டியது. நான் பெயரைச் சொன்னேன். அப்பா சொல்ல வேண்டிய பெயர். எனக்கு உரிமை கிடையாது, தெரியும். மூன்றாவது வீச்சில் காப்பாளர் வந்துவிட்டார்.

“கூரைக்குத் தண்ணி ஊத்துறீங்களே, முளைக்கப் போகுதா?”

“பேர் வைக்கிறோம், மேடம்.”

“யாருக்கு?”

“என் தங்கச்சிக்கு.”

“எங்க தங்கச்சி?”

தரையைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். என் குறும்புகளை மூன்று வருஷமாகப் பார்த்தவர். முதலில் என் முகத்தைப் பார்த்தார், பிறகு மறுபடி காகிதத்தை. “அரை வராந்தா கழுவு” என்று சொல்லிவிட்டுப் போனார். எப்போதும் முழு வராந்தா.

உறையின் ஒரு மூலையில் தண்ணீர் புகுந்து குதிகால் கோடு மட்டும் கலைந்துவிட்டது. விரல்கள் இருக்கின்றன. இடைவெளியும் இருக்கிறது.

இனி எனக்கு எழுதும்போது பாப்பா என்று எழுதாதே. அவள் பெயர் சோட்சோ.

காயி

ஜூலை 21

மதிப்புக்குரிய அப்பாவுக்கு,

காயியின் வணக்கம். பத்திரமாகப் பள்ளிக்கு வந்து சேர்ந்தேன். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? மருந்தை வெள்ளைப் பூனை குடிக்கிறதா, நீங்கள் குடிக்கிறீர்களா?

விடுமுறையில் ஐந்து வாரம் உங்களோடு உட்கார்ந்து வலை தைத்தேன். நீங்கள் பேசியது பதினொரு வாக்கியம். எண்ணினேன். அதில் ஒன்பது வலையைப் பற்றி, ஒன்று மழையைப் பற்றி, ஒன்று நான் நூலை வீணாக்குவது பற்றி. நான் தினமும் கேட்க நினைத்தேன், தினமும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். எனக்குக் கிண்டல் செய்யத்தான் வருகிறது, அப்பா, கேட்க வருவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அடுத்த மாதம் சின்னம்மாவுக்குக் குழந்தை. நான் கிளம்பும் அன்று நோர்லே அத்தை அடுப்படியில் சொன்னது என் காதில் விழுந்தது. “பொண்ணா இருந்தா சோட்சோ. பேர் சும்மாதான கெடக்கு.”

அந்தப் பெயர் சும்மா கிடக்கவில்லை, அப்பா. இரண்டு மாதம் அது நம் வாசலில் உங்கள் வாய்க்காகக் காத்திருந்தது. உங்களுக்கு எத்தனை பெண்கள் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்?

பதில் எழுத வேண்டாம். ஆண் குழந்தை பிறந்தால் இதைக் கிழித்துவிடுங்கள்.

பணிவுடன்,
உங்கள் மூன்றாவது மகள்,
காயி

ஆகஸ்ட் 25

மகள் காயிக்கு,

நான் சுகம். நீ சுகமா. உன் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். இருமல் போய்விட்டது. டேடே எழுதித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். பிழை இருந்தால் சிரித்துக்கொள், திருத்தி அனுப்பாதே.

சின்னம்மாவுக்குப் பெண். நேற்று எட்டாம் நாள். விடிவதற்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். தண்ணீரை நானே வீசினேன். நன்றாக அழுதாள். உன் பங்குக்கு ஒரு கை அதிகம் வீசினேன், மார்ச் மாதக் கடிதத்தில் நீ கேட்டிருந்தாய் என்று டேடே சொன்னாள்.

பெயர் கேட்டார்கள். ஃபோஃபோ என்றேன்.

நோர்லே என் கையைப் பிடித்தாள். “அண்ணே, தப்பாச் சொல்லிட்ட. சோட்சோன்னு சொல்லு. இவ நாலாவது.”

“இவ அஞ்சாவது.”

“அப்ப நாலாவது எங்க?”

“நான்தான் கொண்டுபோய் வெச்சேன். எங்கன்னு எனக்குத் தெரியும்.”

உன் அம்மா அழுதாள். யாரும் வாயைப் பொத்தவில்லை.

நீ வரும்போது அந்தக் காகிதத்தைக் கொண்டு வா. நான் அவளைத் துணியோடுதான் தூக்கினேன். கால் பார்த்ததில்லை.

அப்பா